இருபதாவது பெயர்

சான் ஃபிரான்சிஸ்கோ
9 ஜனவரி 1998

அன்புள்ள ஈனிட்,

முழங்கால் எப்படி இருக்கு? அங்க பனி கொட்டுறப்பல்லாம் எனக்கு இங்க உன் முழங்கால் ஞாபகம்தான். எனக்கு ரத்த அழுத்தத்தைத் தவிர வேற குறையில்ல. அதுவும் டீன் பிரூவிட்டைப் பார்க்கப் போற அன்னைக்கு மட்டும்தான் ஏறுது.

நேத்து பார்த்துட்டு வந்தேன், ஏறிப்போச்சு. விஷயத்தைச் சொல்றேன். மே மாசம் நான் ஓய்வு. பத்தொன்பது வருஷமா நான் நடத்துற அந்தப் பாடத்தைப் பத்தி உன்கிட்ட முழுசா சொன்னதில்ல, நீயும் கேட்டதில்ல. பெண்ணை நேசிக்கிற பெண்கள், ஆணை நேசிக்கிற ஆண்கள், இந்த ரெண்டு பெட்டியிலயும் அடங்காதவங்க, இவங்க எழுதினது, இவங்களைப் பத்தி ஊர் எழுதினது, ஊர் எழுதாம விட்டது. அதுதான் பாடம். கல்லூரிப் பட்டியல்ல அதுக்கு எண் 55. பேரு 'பால்புதுமையினர் வாழ்வும் எழுத்தும்'.

ஆனா மதிப்பெண் சீட்டு தபால்ல வீட்டுக்குப் போகும். அப்பா பிரிப்பாரு. வேலைக்குப் போற இடத்துல கேப்பாங்க. அதனால ஆரம்பத்துலயே இன்னொரு எண்ணும் வாங்கி வெச்சேன். எண் 39, 'இலக்கியம்: சிறப்புப் பாடம்'. பயப்படுறவங்க அதுல சேரலாம். ரெண்டு எண்ணுக்கும் ஒரே அறை, ஒரே பாடம், ஒரே டீச்சர். யாரு எதுல சேர்ந்திருக்காங்கன்னு வகுப்புல நான் வாய்விட்டுக் கேட்டதே கிடையாது.

இப்ப டீன் சொல்றாரு, 55ல இருபது பேர் இருந்தாத்தான் பாடம் நிக்குமாம். 39ல இருக்கிறவங்க கணக்குல சேர மாட்டாங்க. மூணு வருஷமா 55 பதினாலைத் தாண்டல. மார்ச் பத்தாம் தேதி தலை எண்ணுவாங்க. குறைஞ்சா பட்டியல்லேர்ந்தே அடிச்சுடுவாங்க. மரிசெலான்னு ஒரு கெட்டிக்காரப் பொண்ணு எனக்கப்புறம் நடத்தக் காத்திருக்கா. அவ கையில கொடுக்கப் பாடமே இருக்காது போல.

இந்த வருஷத்துப் பாட அட்டவணையை இதோட வெச்சிருக்கேன். தபால்லயே படிக்கிறவங்களுக்கு எட்டு இடம் இருக்கு, ஒரு ஆளும் சேர்ந்ததில்ல. நீ படிக்கணும்னு அனுப்பல, அடுப்பு பத்த வைக்க ஆகும்.

பனியில தனியா வழி வெட்டாத, யாரையாவது கூப்பிடு.

உன் அக்கா,
தோரா


டர்டில் க்ரீக், வடக்கு டகோட்டா
20 ஜனவரி 1998

அன்புள்ள அக்கா,

முழங்கால் அதும்பாட்டுக்கு இருக்கு, நான் எம்பாட்டுக்கு இருக்கேன். ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. மருந்தை வேளாவேளைக்குப் போடு.

அடுப்பு பத்த வைக்கச் சொல்லியிருக்கே. இந்த வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்து முப்பது வருஷம் ஆச்சு. அதனால அட்டவணையைப் படிச்சேன். கடைசிப் பக்கத்துல இருந்த படிவத்தை நிரப்பி இதோட வெச்சிருக்கேன். எண் 55. மசியிலதான் எழுதியிருக்கேன், பென்சில் இல்ல.

ஏன்னு கேக்காத. பனி ஜன்னல் வரைக்கும் கிடக்கு. வீட்டுக்காரர் கார்ல் இறந்ததுலேர்ந்து வீட்டுல சத்தமா இருக்கிறது குளிர்பெட்டி ஒண்ணுதான். சர்ச்சு தையல் கூட்டத்துல போன வருஷம் பேசினதையே இந்த வருஷமும் தைக்கிறாங்க. பத்திரிகையில எனக்கு இப்ப செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வேலை, மரண அறிவிப்பு டைப் அடிக்கிறது. வாரத்துக்கு ஒரு சாவு, ரெண்டு சாவு. மிச்ச நாள் சும்மா இருக்கேன்.

போஸ்டாபீஸ்ல வெர்னா கல்லூரிப் பேரைப் பார்த்துட்டு, "என்ன ஈனிட், இந்த வயசுல என்ன படிக்கப் போற?"ன்னா. "படிச்சுட்டுச் சொல்றேன்"னேன். அவளுக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

கிண்டல் பண்ணாம பாடம் எடு. புத்தகம் பெரிய எழுத்தா இருந்தா நல்லது.

உன் தங்கை,
ஈனிட்


சான் ஃபிரான்சிஸ்கோ
1 பிப்ரவரி 1998

அன்புள்ள ஈனிட்,

குளிர் குறைஞ்சிருக்கும்னு நம்புறேன். இங்க ஒரே மழை, கூரை ஒழுகுது, நான் ஒழுகாம இருக்கேன்.

உன் படிவத்தைப் பார்த்துட்டு நாற்காலியில உக்காந்தவ பத்து நிமிஷம் எந்திரிக்கல. கிண்டல் பண்ண மாட்டேன், சத்தியம். நானே கையில எடுத்துட்டுப் போய் பதிவு அலுவலகத்துல கொடுத்தேன். நீ எதுக்கும் கவலைப்படாத, எல்லாம் பார்த்துக்கிட்டேன்.

முதல் வகுப்பு ஆரம்பிச்சாச்சு. கடைசித் தடவைங்கிறதால பழசெல்லாம் வந்து முட்டுது. எழுபத்தொன்பதுல எங்களுக்குக் கொடுத்தது மைதானத்துக்குப் பின்னாடி ஒரு தகர ஷெட். முதல் நாள் பதினேழு பேர் வந்தாங்க, பாதிப் பேர் கோட்டுக் காலரைக் காது வரைக்கும் தூக்கிவிட்டுக்கிட்டு. நான் பாடம் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம்கூட ஆகல, கதவைத் தள்ளிக்கிட்டு நீலச் சட்டை, தொப்பி, பித்தளை பேட்ஜோட ஒரு ஆள் உள்ள வந்துச்சு. அவ்வளவுதான். போலீஸ்னு நினைச்சு நாலு பேர் ஜன்னல் பக்கம் ஓடிட்டாங்க, ஒருத்தன் ஒரு காலை வெளிய போட்டாச்சு. வந்தது என் லோயிஸ். பஸ் ஓட்டி முடிச்சுட்டு அப்படியே வந்திருக்கா. "யப்பா, நான் இருபத்திரெண்டாம் நம்பர் பஸ் டிரைவர்டா! இறங்குடா கீழ!"ன்னு கத்துனா பாரு. அந்தச் சிரிப்புல காலரெல்லாம் தானா இறங்கிடுச்சு. அந்த வருஷம் மாதிரி ஒரு வகுப்பு எனக்கு அப்புறம் அமையவே இல்ல. இப்ப பெரிய அறை, நல்ல விளக்கு, எல்லாம் இருக்கு. ஆனா அந்த ஷெட்டுக்கு ஏங்குறேன்.

உன் முதல் பயிற்சி: பழைய செய்தித்தாள்லேர்ந்து ஒரு மரண அறிவிப்பை எடு. அதுல இருக்க வேண்டியவங்க யாரு இல்லைன்னு கண்டுபிடிச்சு ரெண்டு பக்கம் எழுது. இது நான் வருஷா வருஷம் எல்லாருக்கும் கொடுக்கிற பயிற்சிதான், உனக்காகத் தயாரிச்சது இல்ல.

அன்போட,
தோரா


டர்டில் க்ரீக்
16 பிப்ரவரி 1998

அன்புள்ள அக்கா,

நான் சுகம். கூரையை ஆள் வெச்சுப் பார். நீ ஏணியில ஏறினேன்னு கேள்விப்பட்டா அங்க வந்து இறக்குவேன்.

பயிற்சி இதோ. தேடிக் கண்டுபிடிக்க எனக்கு வேலையே இல்ல அக்கா. இருபத்தாறு வருஷமா இந்த ஊர்ச் சாவையெல்லாம் எழுதினவ நான். யாரை விட்டேன்னு எனக்குத் தெரியாதா?

1984 நவம்பர். ஹுல்டா டைக் டீச்சர் செத்துப் போனாங்க. உனக்கும் எனக்கும் மூணாம் வகுப்பு எடுத்தவங்க. தபால் நிலையத்துக்கு எதிர் வீட்டுல அவங்களும் விவியன் ஆஸ்டும் நாப்பத்தொரு வருஷம் ஒண்ணா இருந்தாங்க. ஒரே கார், ஒரே தோட்டம், சர்ச்சுல ஒரே பெஞ்சு. நான் எழுதினது: 'மறைந்தவருக்கு மைனாட் நகரில் அண்ணன் மகன் ஒருவர் இருக்கிறார்.' அந்த அண்ணன் மகன் பன்னெண்டு வருஷமா எட்டிப் பார்க்காதவன்.

பத்திரிகை வெளிவந்த மறுநாள் விவியன் அலுவலகத்துக்கு வந்தாங்க. கையுறையைக் கழட்டல. கவுன்டர்கிட்ட நின்னுக்கிட்டு, "எடம் பத்தலையா ஈனிட்?"ன்னு கேட்டாங்க.

"ஆமாங்க, இந்த வாரம் விளம்பரம் ஜாஸ்தி"ன்னேன்.

"ரெண்டு சொல்லுக்குக்கூடவா?"

"மன்னிச்சுக்கோங்க."

"பரவாயில்லம்மா. உன் வேலை உனக்கு"ன்னுட்டுப் போயிட்டாங்க. அந்த வாரம் நாலாம் பக்கத்துல கால் பக்கம் வெள்ளையா விட்டு அச்சடிச்சிருந்தோம். அவங்க அதைப் பார்த்துட்டுத்தான் வந்திருந்தாங்க. மூணு வருஷம் கழிச்சு அவங்களும் போயிட்டாங்க. அந்த அறிவிப்பையும் நான்தான் அடிச்சேன், அப்பவும் ஹுல்டா டீச்சர் பேரைப் போடல.

ரெண்டு பக்கம் கேட்டே, ஒண்ணரைதான் வந்துச்சு. பத்திரிகைக்காரிக்கு அதுவே அதிகம்.

ஈனிட்


சான் ஃபிரான்சிஸ்கோ
24 பிப்ரவரி 1998

அன்புள்ள ஈனிட்,

நலமா? கூரைக்கு ஆள் வந்து போனான், ஏணி அவனோடது.

உன் பயிற்சியை உன் பேர் சொல்லாம வகுப்புல வாசிச்சேன். கால் பக்கம் வெள்ளைங்கிற இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னாங்க. கோர்டன்னு ஒரு தபால்காரர் இருக்காரு, அம்பது வயசு, எப்பவும் முதல் வரிசை. "இந்த அம்மா யாருன்னு தெரியணும் டீச்சர், கையைப் பிடிச்சுத் திட்டிட்டு அப்புறம் காபி வாங்கித் தரணும்"னாரு.

எனக்கோ வேற ஞாபகம். எண்பத்தாறு, எண்பத்தேழுல என் வருகைப் பதிவேட்டுல பாதிப் பேருக்கு மதிப்பெண் இல்லாம 'முடிக்கவில்லை'ன்னு இருக்கும். எய்ட்ஸ் வந்து, கட்டுரையைப் பாதியில விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போன பசங்க. ஒரு வருஷத்துல முடிக்கலைன்னா பூஜ்யம் போடணும்னு விதி. நான் போடல. லோயிஸ் லீவு நாள்ல உருளைக்கிழங்கு காசரோல் செஞ்சு வார்டு வார்டா தூக்கிக்கிட்டுப் போவா. உப்பு போடவே தெரியாது அவளுக்கு. ஒரு பையன் கெஞ்சினான், "லோயிஸம்மா, நான் ஏற்கனவே சாகத்தான் போறேன், இதை வேற திங்கணுமா?"ன்னு. அவ விழுந்து விழுந்து சிரிச்சா, பஸ்ஸுல உக்காந்து அழுதா. பயங்கரமான காலம்தான், ஆனா அந்தப் பிள்ளைங்களோட இன்னொரு மதியம் கிடைக்கும்னா நான் இன்னைக்கே திரும்பிப் போயிடுவேன்.

சரி, உன் மதிப்பெண்: பி பிளஸ். எழுத்து சுத்தம். ஒரே குறை, நீ எழுதின அத்தனை அறிவிப்புல தூரத்து ஆளோடதை எடுத்திருக்கே. அடுத்த பயிற்சிக்குக் கிட்டத்துலேர்ந்து ஒண்ணு எடு.

தோரா


சான் ஃபிரான்சிஸ்கோ
16 மார்ச் 1998

அன்புள்ள ஈனிட்,

மூணு வாரமா உன்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. உடம்புக்கு ஒண்ணுமில்லையே? வெர்னாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், நீ கடையில முட்டை வாங்குறதைப் பார்த்ததா சொன்னா. அப்ப உயிரோடதான் இருக்கே.

தலை எண்ணியாச்சு. நடந்ததை அப்படியே சொல்றேன். வகுப்புல மொத்தம் இருபத்தஞ்சு பேர். 55ல பதினொண்ணு, 39ல பதினாலு. எண்ணுறதுக்கு முந்தின வாரம் நிலைமையை வகுப்புல சொன்னேன். "நான் யாரையும் கேக்க மாட்டேன், யாரு எந்த எண்ணுன்னு இங்க பேசவும் கூடாது"ன்னேன். கோர்டன் எந்திரிச்சாரு. "டீச்சர், இருபது வருஷமா ஊரான் பேரையெல்லாம் தோள்ல சுமந்துக்கிட்டுத் தெருத் தெருவா போறேன். என் பேரு மட்டும் 39ல பதுங்கிக் கிடக்கு. போதும்"னாரு. அவரு பின்னாடி இன்னும் ஏழு பேர் வரிசையா பதிவு அலுவலகத்துக்குப் போனாங்க. மிச்சப் பேருக்குக் காரணம் இருக்கு. ஒருத்திக்குக் குழந்தை யார்கிட்டங்கிற வழக்கு கோர்ட்டுல நடக்குது. அவ முகத்தைக்கூட நான் பார்க்கல.

ஆக 55ல பத்தொன்பது. ஒண்ணு குறையுது.

அந்த ஒண்ணு நீ. உன் படிவத்துல நீ மசியால 55ன்னு எழுதியிருந்தே. பதிவு அலுவலகக் கவுன்டர்ல நின்னுக்கிட்டு நான் அதை அடிச்சு 39ன்னு மாத்தினேன். வெர்னா கேட்டதா நீ எழுதியிருந்தே, சீட்டு அவ கை வழியாத்தானே வரும்னு தோணிச்சு. பத்தொன்பது வருஷமா யோசிக்காம செய்யுற வேலை, கை தானா போயிடுச்சு. உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கணக்கு வர்ற வரைக்கும் எனக்கு அது தப்புன்னே உறைக்கல.

வெள்ளிக்கிழமை டீன்கிட்ட போய், என் தப்பு, அதைத் திருத்துங்கன்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு, "ஒரே ஒரு ஆள் குறையுது, அது வடக்கு டகோட்டாவுல இருக்கிற உங்க தங்கச்சி. நல்லா இருக்கே கதை"ன்னாரு. ஆளே இல்லாம பேரைச் சேர்த்திருக்கேன்னு நினைக்கிறாரு. பாடம் போச்சு ஈனிட். என் கையாலயே போச்சு.

தோரா


டர்டில் க்ரீக்
21 மார்ச் 1998

அக்கா,

நலம் விசாரிக்கிற மனசு இல்ல. அதை அடுத்த கடிதத்துல சேர்த்து விசாரிக்கிறேன்.

யாரைக் கேட்டு மாத்தினே? நான் என்ன சின்னப் பிள்ளையா? அறுபத்தொரு வயசு. அந்தப் படிவத்தை நிரப்பி முடிக்க எனக்கு மூணு நாள் ஆச்சு தெரியுமா? ரெண்டு நாள் மேஜையில கிடந்தது, அது மேல காபிக் கோப்பையை வெச்சுட்டு நான் வீட்டைக் கூட்டினேன். மூணாம் நாள் உக்காந்து 55ன்னு எழுதினேன். அதை நீ ஒரு கோட்டுல அடிச்சுட்டே. என்னை ஒளிச்சு வெச்சுட்டே.

'உன் நல்லதுக்குத்தான்'னு சொல்லப் போற. சொல்லாத. அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், நான் சொன்னது அது. 1981 மார்ச், அம்மா செத்தப்ப. நீயும் உன்கூட இருந்தவங்களும் ரெண்டு நாள் கார் ஓட்டிக்கிட்டு வந்தீங்க. நான் உன்னைச் சமையலறைக்குக் கூட்டிட்டுப் போய், "அவங்க லாட்ஜுலயே இருக்கட்டும் அக்கா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், ஊர் வாய் உனக்குத் தெரியாதா"ன்னேன். நீ போய் அவங்களை லாட்ஜுல விட்டுட்டு வந்தே. சர்ச்சுல கடைசி வரிசையில அவங்க கோட்டோட உக்காந்திருந்ததை நான் திரும்பிப் பார்த்தேன். மறுபடி முன்னாடி திரும்பிக்கிட்டேன். அந்த வாரம் பத்திரிகையில 'மூத்த மகள் தோரா, மணமாகாதவர்'னு போட்டேன். ரெண்டு தடவை சரிபார்த்தேன், எழுத்துப் பிழை இல்லாம.

கிட்டத்துலேர்ந்து எடுன்னு எழுதினியே, மூணு வாரமா அந்த அறிவிப்பைத்தான் முன்னாடி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அதனாலதான் பதில் போடல.

நான் பண்ணதை நீயும் எனக்குப் பண்ணிட்டே. நீ பண்ணினாலும் அது தப்புதான். ரொம்ப வலிக்குது அக்கா. உனக்கு இதைவிட எவ்வளவு வலிச்சிருக்கும்னு இப்பத்தான் புரியுது.

டீனுக்கு என்ன வேணும்? சொல்லு.

ஈனிட்


சான் ஃபிரான்சிஸ்கோ
28 மார்ச் 1998

ஈனிட்,

உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். தப்புதான். மன்னிச்சுடு. மத்ததை இப்ப எழுத முடியல. ரத்த அழுத்தம் இல்ல, வேற.

டீன் கேக்கிறது இது: மாணவர் தானே கைப்பட ஒரு கடிதம் எழுதணும். தான் நிஜமான ஆள்னும், எந்த எண்ணுல சேர்ந்தேன்னும், இதுவரைக்கும் என்ன படிச்சேன்னும் அதுல இருக்கணும். செஞ்ச பயிற்சியையும் வைக்கணும். ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள அவர் கையில கிடைக்கணும்.

நீ எழுதணும்னு நான் சொல்லல. அது கோப்புல ஏறும், யார் வேணா படிக்கலாம். எழுதலைன்னாலும் நீ என் தங்கச்சிதான்.

தோரா


டர்டில் க்ரீக், வடக்கு டகோட்டா
9 ஏப்ரல் 1998

மதிப்பிற்குரிய டீன் பிரூவிட் அவர்களுக்கு,

(நகல்: தோரா பிரெக்கே)

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் பெயர் ஈனிட் சாண்ட்விக். வயது அறுபத்தொன்று. நான் நிஜமான ஆள். சந்தேகம் இருந்தால் எங்கள் ஊர் தபால் நிலையத்தில் வெர்னாவைக் கேளுங்கள், கேட்காததையும் சேர்த்துச் சொல்வாள்.

ஜனவரி மாதம் நான் என் கையால் எண் 55 என்று எழுதிப் படிவம் அனுப்பினேன். ஆசிரியை என்னைக் கேட்காமல் அதை 39 என்று மாற்றியிருக்கிறார். ஏமாற்றுவதற்காக அல்ல. பயந்தவர்களைக் காப்பாற்றிக் காப்பாற்றி அவருக்குப் பழகிவிட்டது. நானும் பயந்தவள்தான். ஆனால் அந்தப் படிவத்தில் நான் பயப்படவில்லை. என்னை நான் எழுதிய எண்ணிலேயே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை என்ன படித்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மரண அறிவிப்பை எப்படிப் படிப்பது என்று படித்தேன். இருபத்தாறு ஆண்டுகளாக அதை எழுதிவந்தவளுக்கு இது வெட்கக்கேடு, ஆனாலும் உண்மை. முதல் பயிற்சியை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாவது பயிற்சி இந்த வாரம் எங்கள் பத்திரிகையில் மூன்றாம் பக்கத்தில் வெளியாகியிருக்கிறது. அதையும் வெட்டி ஒட்டியிருக்கிறேன். தெளிவாக இல்லாமல் போகலாம் என்பதால் இங்கே திரும்பவும் தருகிறேன்:

'திருத்தம். 1981 மார்ச் 19 இதழில் வெளியான திருமதி ரக்னா பிரெக்கே மரண அறிவிப்பில் தவறு உள்ளது. மூத்த மகள் தோரா மணமாகாதவர் என்று அதில் இருந்தது. அவருடன் வாழ்ந்த லோயிஸ் பிக்கெட் அந்த இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார், குடும்பத்தோடு அமர்த்தப்படவில்லை. திருமதி பிரெக்கேயின் மறைவால் துயருற்றோர் பட்டியலில் தோரா பிரெக்கே, லோயிஸ் பிக்கெட், சான் ஃபிரான்சிஸ்கோ என்று இருந்திருக்க வேண்டும். லோயிஸ் பிக்கெட் 1991இல் காலமானார். அந்த அறிவிப்பை இந்தப் பத்திரிகை வெளியிடவில்லை. தவறு செய்தவர்: ஈனிட் சாண்ட்விக்.'

எங்கள் பத்திரிகை ஆசிரியர் நாரிஸ், "திருத்தம் போட ஒரு வாரம்தான் கெடு, நீ பதினேழு வருஷம் கழிச்சு வர்றியே" என்றார். போடாவிட்டால் செவ்வாய்க்கிழமை சாவுகளை அவரே டைப் அடித்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன். போட்டார்.

தங்கள் உண்மையுள்ள,
ஈனிட் சாண்ட்விக்
மாணவி, எண் 55


சான் ஃபிரான்சிஸ்கோ
19 ஏப்ரல் 1998

என் ஈனிட்டுக்கு,

சாப்பிடுறியா, தூங்குறியா, ஊர் உன்னை என்ன பண்ணுது, எல்லாம் எழுது.

டீன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாரு. உன் கடிதம் அவர் மேஜையில விரிச்சு இருந்துச்சு. "உங்க தங்கச்சி இருக்காங்க"ன்னாரு, ஏதோ கண்டுபிடிச்ச மாதிரி. அப்புறம் முத்திரையை எடுத்துக் குத்தினாரு. 55ல இருபது பேர். செப்டம்பர்ல மரிசெலா நடத்துறா. வெளிய வந்து சொன்னேன், கோர்டன் என்னை அப்படியே தூக்கிட்டாரு, எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு.

பாடம் பிழைச்சதுக்கு அழுவேன்னு நினைச்சேன், அதுக்கு அழுகை வரல. நகலை வீட்டுக்குக் கொண்டு வந்து திரும்பப் படிச்சப்ப 'லோயிஸ்'னு உன் எழுத்துல இருந்ததைப் பார்த்துத்தான் உடைஞ்சேன். பதினெட்டு வருஷம் நான் அவளோட இருந்தேன். உன் ஒரு கடிதத்துலயும் அந்தப் பேரு வந்ததில்ல. அவ போனப்ப நீ அனுப்பின அட்டையில 'உன் வீட்டில் கூட இருந்தவர் மறைவுக்கு வருந்துகிறேன்'னு இருந்துச்சு. அதை நான் கிழிக்கல, பதில் போடல. உன் பிறந்த நாளுக்கு மட்டும் வருஷா வருஷம் வாழ்த்து அனுப்பினேன், கடமைக்கு.

இப்ப எல்லாம் சரியாப் போச்சு, கோபமே இல்லைன்னு எழுதினா பொய் சொன்னதா ஆகும். அவ இருக்கிறப்ப இதை நீ போட்டிருந்தா அவ அதை மடிச்சு பேட்ஜுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு பஸ் பஸ்ஸா காட்டியிருப்பா. அந்த நாள் அவளுக்குக் கிடைக்கல. அதுக்கான கோபம் இன்னும் மிச்சம் இருக்கு. தபால்ல அனுப்ப முடியாத அளவுக்கு இருக்கு. நேர்ல வந்து வாங்கிக்கோ.

பயிற்சி இரண்டு: பி பிளஸ். எழுத்துக்கு ஏ கொடுத்திருப்பேன், தாமதமா சமர்ப்பிச்சதுக்குக் குறைச்சுட்டேன்.

தோரா


டர்டில் க்ரீக்
2 மே 1998

அன்புள்ள அக்கா,

சாப்பிடுறேன், தூங்குறேன். சர்ச்சுல ரெண்டு பேர் என்கூடப் பேசுறதில்ல, அவங்க முன்னாடியும் பேசினதில்ல. பாதிரியார் கையைக் கொஞ்சம் கூடுதலா குலுக்கினாரு, எதுக்குன்னு சொல்லல. வெர்னா மூணாம் பக்கத்தை வெட்டி போஸ்டாபீஸ் பலகையில ஒட்டியிருக்கா. நல்லெண்ணத்துலயா, வேடிக்கைக்கான்னு தெரியல, ஒட்டினபடியே இருக்கு.

பி பிளஸ் பத்தி டீனுக்கு மேல்முறையீடு பண்ணுவேன். அவருக்கு என்னைப் பிடிச்சிருக்கு.

ஜூன் ஒன்பதாம் தேதி காலை ரயில்ல வந்து இறங்குறேன். மூணு வாரம் இருப்பேன். கோபத்தை முதல் நாளே கொட்டித் தீர்த்துடு, நான் வாங்கிக்கிறேன். மிச்ச நாளெல்லாம் எனக்கு லோயிஸைப் பத்திச் சொல்லு. எங்க பிறந்தாங்க, நீ எங்க பார்த்தே, காலையில என்ன சாப்பிடுவாங்க, எனக்கு ஒண்ணுமே தெரியாது அக்கா. அவங்களுக்கு நான் இன்னும் அறிவிப்பு எழுதல.

உன் தங்கை,
ஈனிட்